விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம், கடையில் இருக்கும் நாலு சிஸ்டத்தையும் தூக்கிப் போட வேண்டுமா?

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன், கடலில் இருந்து இரண்டு தெரு தள்ளித்தான் கடை. நாலு சிஸ்டம், எல்லாம் 2015-ல் அசெம்பிள் செய்தது. ஐ3 நாலாவது தலைமுறை, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பட்டா நகல், படகுக் காகிதங்கள் என்று இதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

போன அக்டோபரில் இருந்து விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது என்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து நிற்கிறது. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கிற ஒருவரிடம் கேட்டேன். "இனிமே இதுல ஒண்ணும் ஓடாதுண்ணே, பேங்க் வெப்சைட்டே திறக்காது, நாலையும் மாத்திருங்க" என்கிறார். விலை கேட்டால் தலை சுற்றுகிறது, ஆறு மாதத்துக்கு முன்னால் அவரே சொன்ன விலையைவிடக் கூடுதல். காலேஜில் படிக்கிற மகன் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள், காசே வேண்டாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

அப்புறம் இன்னொன்று. இரண்டு சிஸ்டம் காலையில் ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தும், திரை வராது. ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டால் வந்துவிடும். வேறொன்றில் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. இதுவும் விண்டோஸ் பழசானதால்தானா?

கச்சான்_காற்று:

அண்ணே, கடைசிக் கேள்வியில் இருந்து வருகிறேன், உங்களுக்கு அவசரம் அதுதான். பீப்புக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்லை. அது உப்பு. நான் மண்டபத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு பெங்களூர் கம்பெனிக்கு சர்வர் வேலை பார்க்கிறேன், இந்தத் தொழிலில் பதினோரு வருஷம். ஆபீஸில் ஏசி ரூமில் பத்து வருஷம் ஓடுகிற அதே பெட்டி, எங்கள் வீட்டு ஜன்னலோரம் மூன்றே வருஷத்தில் ஸ்க்ரூ எல்லாம் துருவேறிக் கழற்ற முடியாமல் போனது.

நடப்பது இதுதான். சாப்பாட்டு உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிகிற மாதிரி. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். பகல் முழுக்க ஃபேன் உப்புத்தூசியை உள்ளே இழுத்துக் கொட்டுகிறது, சூட்டில் அது காய்ந்தே கிடக்கிறது. ராத்திரி கடையை அடைத்தபிறகு பெட்டி ஆறி, விடியற்காலை ஈரத்தில் அந்தத் தூசி உப்புத் தண்ணீராகி ரேம் செருகுகிற இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. காலையில் மட்டும் பீப் வருவது அதனால்தான். பாம்பனில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோனது, 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருவுக்குப் பயந்து பாலிசிலாக்சேன் பூச்சும் ஸ்டெயின்லெஸ் கம்பியும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்தக் கவனிப்பு தேவைப்படுகிறது என்றால் நம் மதர்போர்டு எம்மாத்திரம்.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறக் கால்களை மெத்தென்ற வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். செருகுகிற ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் துடைக்க வேண்டும், பலரும் அதை விட்டுவிடுவதால்தான் மறுவாரம் திரும்பக் கத்துகிறது. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள், கடல் பக்கம் திறக்கிற வாசலுக்கு நேராகவும் வேண்டாம். அணைத்த உடனே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவது பாதுகாப்பு என்று நினைப்போம், ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். கூட்டம் இல்லாத நாளிலும் நாலையும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள், சும்மா கிடக்கிற சிஸ்டம்தான் இங்கே முதலில் சாகும்.

சுருக்கென்று அடிப்பது எர்த் கோளாறு. கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ் பெட்டிக்குள் மின் இரைச்சலை அடக்க இரண்டு சின்ன கெப்பாசிட்டர் கேபினட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் கரண்டில் பாதி, அதாவது 115 வோல்ட் பக்கம், கேபினட்டிலேயே நிற்கும். கசிவு ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது, ஆனால் வேறு ஏதாவது பழுதாகிக் கேபினட்டில் முழுக் கரண்டும் ஏறினால் காப்பாற்ற எர்த் இருக்காது. நம் மண் வெறும் மணல், தண்ணீர் நிற்காது. போதாக்குறைக்கு எர்த் குழியில் கொட்டிய உப்பே ஜி.ஐ. பைப்பை அரித்துத் தின்றிருக்கும். வயர் இருக்கும், அதன் அடியில் ஒன்றும் இருக்காது. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், விண்டோஸை அப்புறம் பார்க்கலாம்.

சரி, விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஓடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது உண்மை. சிஸ்டம் நின்றுவிடும் என்பது பொய். எட்ஜ் பிரவுசருக்கு 2028 அக்டோபர் வரையாவது அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது, பேங்க் வெப்சைட் திறக்காது என்பது வியாபாரப் பேச்சு. தனிப்பட்டவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் அப்டேட் வாங்க வழி உண்டு. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்கிற இணைப்பு இருக்கும், விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு இல்லை. ஆனால் அப்போது டாக்குமெண்ட் ஃபோல்டரை ஒன்டிரைவ் என்ற மைக்ரோசாஃப்ட் ஆன்லைன் சேமிப்பில் ஏற்றுவதை மறக்காமல் அணைத்துவிடுங்கள், கஸ்டமர் ஆதார் நகலெல்லாம் உங்கள் கணக்கில் போய் உட்கார வேண்டாம். உண்மையைச் சொன்னால் உங்கள் மாதிரிக் கடையில் வைரஸைவிட அந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான் எனக்குப் பயம். ராத்திரி ஷட்டர் இறக்குமுன் அதைக் காலி செய்கிறீர்களா?

அப்டேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே பூட்டுப் போட்டதே, அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

விண்டோஸ் 11 உங்களுக்கு இல்லை. டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெலில் எட்டாவது தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்படி ஏற்றிய சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் கிடையாது. பிழைப்பு நடக்கிற சிஸ்டத்தில் நான் செய்ய மாட்டேன்.

விலை ஏறியதற்கு அந்தக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் கம்பெனி, நம்மைப் போன்றவர்கள் வாங்குகிற க்ரூஷியல் ரேம், எஸ்.எஸ்.டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. யாரோ அமெரிக்காவில் பூனைக்குத் தொப்பி போட்ட படம் வரைய, ராமநாதபுரம் பஜாரில் ரேம் விலை ஏறுகிறது. இப்போது புது சிஸ்டம் வாங்குவது, தடைக்காலத்தில் மீன் வாங்குகிற மாதிரி. உங்கள் பெட்டிக்கு வேண்டியது பழைய டிடிஆர்3 ரேம், அது செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி போட்டாலே ஆள் மாறிவிடுவார்.

பெங்குவின்_முகவை:

இவ்வளவு நீளமாக எழுதி ஒரு வருஷ வாய்தாதானே வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள்? அக்டோபர் வந்தால் அண்ணன் மறுபடி இதே கேள்வியோடு வந்து நிற்பார். மகன் சொல்வதைக் கேளுங்கள். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, 4 ஜிபியில் அதன் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பு தாராளமாக ஓடும், டி.பி.எம் கேட்டு வாசலில் நிறுத்தாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் ஒரே ஒரு அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டத்தை நீலத் திரையில் நிறுத்தி, ஏர்போர்ட்டில் கையால் போர்டிங் பாஸ் எழுத வைத்ததே, மறந்துவிட்டதா?

கச்சான்_காற்று:

அது கிரவுட்ஸ்ட்ரைக் தப்பு தம்பி, விண்டோஸ் தப்பு இல்லை. உங்கள் லினக்ஸ் பக்கமும் 2024-ல் எக்ஸ்இசட் என்ற சின்ன லைப்ரரியில் ஒருவன் கள்ளக்கதவு வைத்தான். லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஒரு எஞ்சினியர் நோண்டிப் பார்த்ததால் தப்பித்தோம். அந்த எஞ்சினியர் மைக்ரோசாஃப்ட்காரர் என்பது வேறு. லினக்ஸ் நல்லதுதான், நானே அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் இது கடை.

தேவிபட்டினம்_டிடிபி:

இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து பார்த்ததில்லை போலிருக்கிறது, நான் சொல்கிறேன். அண்ணா, நானும் டைப்பிங், ஆன்லைன் சென்டர்தான் நடத்துகிறேன். போன வருஷம் ஆர்வத்தில் இரண்டு சிஸ்டத்திலும் லினக்ஸ் போட்டு மூன்றாம் நாள் ஒன்றில் விண்டோஸையே திருப்பிப் போட்டேன். முதல் பிரச்சினை பழைய லேசர் பிரிண்டர். விண்டோஸில் மாடு மாதிரி உழைக்கும், லினக்ஸில் அதற்கு டிரைவர் தேடி ஒரு ராத்திரி போனது, கடைசியில் பாதிப் பக்கம் அச்சாகி நின்றது. இரண்டாவது விரல்ரேகைக் கருவி. அதை ஓட்டுகிற ஆர்.டி. சர்வீஸ் என்ற சாஃப்ட்வேர் விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் சுலபமாக ஏறும், லினக்ஸில் எனக்கு ஏறவில்லை. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் கிட்டத்தட்ட அதே கதை.

மூன்றாவது நம் தமிழ். அரசாங்கம் யூனிகோடுக்கு மாறி எத்தனையோ வருஷமாகிறது, ஆனால் கஸ்டமர் பென்டிரைவில் கொண்டு வருவது இன்றைக்கும் பாமினி, வானவில் என்ற பழைய ஃபான்ட்களில் அடித்ததுதான். ஃபான்ட் இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகத் தெரியும், மாப்பிள்ளை வீட்டார் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே. ஃபான்ட் ஃபைலை லினக்ஸிலும் காப்பி செய்து போட்டால் எழுத்து சரியாகத் தெரியும், அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேர்டில் செய்த பக்க அமைப்பு லிப்ரே ஆபீஸில் ஒரு வரி நகர்ந்தாலும் பத்திரத்தில் கையெழுத்து இடம் அடுத்த பக்கம் போய்விடும்.

நான் கடைசியில் செய்தது, கஸ்டமர் உட்கார்ந்து ரிசல்ட் பார்க்க, படிவம் நிரப்ப ஒரு லினக்ஸ். அதில் யார் பென்டிரைவைச் செருகினாலும் பழைய ஷார்ட்கட் வைரஸ் தொல்லை இல்லை, அந்த நிம்மதி ஒன்றுக்கே போடலாம். பிரிண்டரும் விரல்ரேகையும் இருக்கிற சிஸ்டத்தில் விண்டோஸ் 10, கூடுதல் அப்டேட் பதிவு செய்தாயிற்று. அக்டோபருக்குள் அந்த ஒன்றை மட்டும் மாற்றுவேன்.

பெங்குவின்_முகவை:

பிரிண்டர் விஷயம் சரிதான் அக்கா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய பிரிண்டர் வாங்குகிறவர்கள் முதலில் பட்டியல் பார்த்து வாங்க வேண்டும்.

தேவிபட்டினம்_டிடிபி:

பத்து வருஷத்துக்கு முன்னால் வாங்கியதற்கு இப்போது பட்டியல் பார்க்கச் சொல்கிறீர்களே தம்பி.

தங்கச்சிமடம்_ஜெராக்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து மகனும் நானும் நாலையும் திறந்து பார்த்தோம். தம்பி சொன்னது அப்படியே. ரேம் ஸ்லாட் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது, ஒன்றில் செம்புக் கம்பி பச்சையாகவே மாறிவிட்டது. மெடிக்கல் கடையில் ஐசோப்ரொபைல் கேட்டால் சானிடைசரைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று ராமநாதபுரத்தில் மொபைல் ரிப்பேர் கடையில் வாங்கினோம். துடைத்துப் போட்டதில் மூன்று நாளாகப் பீப் இல்லை. நாலாவது பெட்டிக்குள் பல்லி முட்டை வைத்திருந்தது, அதை யாரும் இங்கே எச்சரிக்கவில்லை.

எர்த் விஷயம்தான் ஆச்சரியம். எலக்ட்ரீஷியன் குழியைத் தோண்டினார், பைப் பாதிக்கு மேல் இல்லை, கையோடு பெயர்ந்து வந்தது. புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பற்றிக் கேட்காதீர்கள், நாலு சிஸ்டத்திலும் சேர்த்து அழித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

இப்போதைக்கு தங்கச்சி சொன்ன மாதிரி ஒன்றில் லினக்ஸ், மகனே போடுகிறேன் என்கிறான். மற்ற மூன்றுக்கும் அப்டேட் பதிவு செய்துவிட்டேன். ஏப்ரல் 15-ல் இருந்து தடைக்காலம், அந்த 61 நாளும் கடையில் கூட்டம் பாதியாகிவிடும், அப்போது ஒவ்வொன்றாக எஸ்.எஸ்.டி மாற்றலாம் என்று இருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது, எடைக்குப் போடலாமா?

கச்சான்_காற்று:

போடாதீர்கள் அண்ணே. நீங்கள் ஃபோல்டரில் அழித்தது மேலோட்டம்தான், மீட்டு எடுக்கிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, பத்து வருஷத்து ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக்கும் அதில் இருக்கும். டிரில் இருந்தால் தட்டு வழியாக மூன்று நாலு ஓட்டை போட்டுவிட்டு, அப்புறம் எடைக்குப் போடுங்கள்.