முறுக்கு டின்னுக்குக் கீழே ரோச்

பிள்ளைகளை முகாமுக்கு அனுப்பும்போது பையில் என்ன வைக்க வேண்டும் என்று கொழும்புப் பக்கத்து மூன்று பேர் பேசிக்கொண்டது.

வெள்ளவத்தை அப்பா:

2019 ஜனவரி. மகனுக்கு அப்போது 12 வயது. மலைநாட்டுத் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளியில் இரண்டு இரவு முகாம், முதல் தடவை. மனைவியும் நானும் சேர்ந்து பையை அடுக்கினோம். மூன்று ஜீன்ஸ், ஐந்து டீ சேர்ட், ஒரு போர்வை, நாலு பெட்டி பிஸ்கட், அம்மம்மா சுட்ட முறுக்கு ஒரு டின். மழை பெய்தாலும் நனையக்கூடாதென்று மனைவி ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனி சொப்பிங் பேக்கில் போட்டு முடிச்சுப் போட்டிருந்தாள்.

பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. தண்ணீர்ப் போத்தலின் லேபலைக்கூட உரித்துவிட்டுத்தான் விடுவார்கள். வாசலிலேயே எல்லா சொப்பிங் பேக்கும் கழன்றன. அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். விசாரிக்காமல் விட்டது நாங்கள். பின்னேரம் ஒரு மழை, உடுப்பெல்லாம் ஈரம்.

2,100 மீற்றருக்கு மேலே உள்ள இடம். ஜனவரியில் விடியப்புறம் புல்லில் உறைபனி படிவதுண்டு. கொழும்பில் ஃபேன் இல்லாமல் படுக்காத பிள்ளை அங்கே நனைந்த ஜீன்ஸோடு இருந்திருக்கிறான். ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்தால் கல்லு மாதிரிக் கனக்கும், குளிர் ஊரில் காயவும் காயாது. போர்வை மேலே இருந்தது, கீழே ஒன்றுமில்லை. குளிர் நிலத்திலிருந்துதான் ஏறும் என்பது எங்களுக்குத் தெரியாது. கூடப் போன அண்ணா ஒருவர் தன் ரப்பர் பாயில் பாதி இடம் கொடுத்ததால் தப்பினான்.

இரவு வெளியே போகவேண்டி வந்தபோது ரோச் லைட்டைத் தேடியிருக்கிறான். பை அடியில், முறுக்கு டின்னுக்குக் கீழே இருந்தது. அடுக்கியது நாங்கள், அவனுக்கு எப்படித் தெரியும்?

இப்போது அவனுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர், கெதியில் காயும் காற்சட்டை இரண்டு, படுக்க மட்டும் என்று வைத்த காய்ந்த உடுப்பு ஒரு செட், இரண்டு சோடி மேஸ் (காலுறை), தொப்பி. உடுப்புகளைப் பழைய தலையணை உறைகளில் பிரித்து வைப்பான், பைக்கு மேலே மழை உறை. நுவரெலியா பஸாரில் குளிர் உடுப்பு மலிவுதான். ஆனால் போகிற வழியில் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், வான் அங்கே நிற்காது.

கொட்டாஞ்சேனைக்காரன்:

சாரணர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பல வருடம் அலைந்தவன் நான். நக்கிள்ஸ் மலைப் பக்கம் போனால் ஸ்வெட்டரைவிட இரத்தம் குடிக்கிற அட்டைதான் கதை. முதல் முறை அங்கே மீமுறைக் கிராமத்துப் பக்கம் நடந்தபோது ஒரு தம்பி காலைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதுவிட்டான். அட்டை கடித்தால் இரத்தம் உறையாமலிருக்க ஒன்றைச் செலுத்திவிடும், அதனால்தான் விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பயங்கரம், ஆபத்து குறைவு. இதைப் போவதற்கு முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சாதாரண மேஸுக்குள்ளால் அது புகுந்துவிடும். நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை பை மாதிரி தைத்து, காற்சட்டைக்கு மேலே போட்டுக் கட்ட வேண்டும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி எடுத்து வீட்டுக்குப் பக்கத்துத் தையல்காரரிடம் கொடுத்தோம், ஒரு கூட்டத்துக்கே போதுமாக வந்தது. மேலால் சவர்க்காரம் தேய்ப்போம். உப்பை ஒரு துணி முடிச்சில் கட்டிக் கையில் வைத்திருப்போம்.

இன்னொன்று. எல்லோரும் டென்ட் டென்ட் என்கிறார்கள். நான் தறப்பாள் (தார்ப்பாய்) கட்சி. பழைய சோனகத் தெருவில் ஒரு நல்ல தறப்பாளும் நைலோன் கயிறும் வாங்கினால் மழையில் சமைக்கலாம், உடுப்பு மாற்றலாம், பத்துப் பேர் நிற்கலாம். மலிவு டென்ட்டுக்குள் இரவு மூச்சு ஈரமே உள்பக்கம் படிந்து சொட்டும். அதை ஓட்டை என்று நினைத்துப் பலர் சண்டைக்குப் போவார்கள்.

பாரம்: 40 கிலோ பிள்ளைக்கு 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். இது என் கணக்கு. வீட்டுத் தராசில் பிள்ளையைப் பையோடு ஏற்றிப் பாருங்கள்.

தெஹிவளைத் தங்கச்சி:

எங்களுடையது கல்பிட்டிக் கடற்கரை, ஜூலை மாதம். காற்றுக் காலம் என்று தெரிந்தேதான் போனோம், அண்ணா, ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை. டென்ட் ஆணி மணலில் நிற்கவே இல்லை. அடித்த மறு நிமிடம் கழன்று வரும். இரவு ஒரு மணிக்கு ஆறு பெண் பிள்ளைகள் டென்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல்.

காலையில் அங்கே மீன்பிடிக்கிற ஐயா ஒருவர் காட்டித் தந்தார். அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதிக்க வேண்டும். பிறகு அசையவில்லை. இப்போது என் பையில் நாலு வெறும் சாக்கு எப்போதும் இருக்கும்.

கடற்கரைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றராவது குடிதண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பக்கட், நீளக் கை சட்டை. வெயிலில் தலைசுற்றி விழுந்த ஒருத்திக்கு ஜீவனிதான் கைகொடுத்தது.

யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன்: பெண் பிள்ளைகளுக்கு, திகதி இல்லாவிட்டாலும் நப்கின் வையுங்கள், கூடவே பழைய பத்திரிகைத் தாளும் திரும்பக் கொண்டுவர ஒரு மூடி உள்ள டப்பாவும். பொறுப்பாக வருகிற சேரிடம் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள்.

கொட்டாஞ்சேனைக்காரன்:

சரியாகச் சொன்னீர்கள் தங்கச்சி. காட்டுப் பக்கம், வில்பத்து யால என்றால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழம், பாண், சாப்பாடு எதையும் டென்ட்டுக்குள் வைத்துப் படுக்க வேண்டாம், வாசனைக்கு யானை வரும். வெளிர் நிற உடுப்பு போட்டால் உண்ணி ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பிடுங்க ஒரு சிறிய இடுக்கி.

வெள்ளவத்தை அப்பா:

தராசு யோசனைக்கு நன்றி. மகன் இப்போது பையைத் தானேதான் அடுக்குகிறான், நான் தொடுவதில்லை. ரோச் எப்போதும் வலப்பக்க வெளிப் பையில். 2022 இல் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலத்தில் ஓர் இரவு நாங்கள் லாச்சி லாச்சியாக மெழுகுதிரி தேடிக்கொண்டிருந்தோம். அறைக்குள்ளிருந்து அவன் வெளிச்சத்தோடு வந்தான். மற்றக் கையில் முறுக்கு டின்.