மறு: அட்டவணையை நிரலுக்குக் கடத்துவதா, ஊட்டுவதா, வார்ப்பதா?

அனைவருக்கும் வணக்கம்.

என் நூலில் பேபல் என்ற கருவியைப் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதும் வேலை பாதியில் நிற்கிறது. நிறுத்தியது ஒரே ஒரு சொல்: ஆவணத்தில் உள்ள அட்டவணையை நிரலுக்குள் கொடுப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? போன மடலில் இதைத்தான் உங்களிடம் கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் விஷயம். ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தியில் இயங்கும், குறிப்பும் ஆவணமும் எழுத உதவும் ஆர்க் மோடை கார்ஸ்டன் டொமினிக் 2003இல் தொடங்கினார். அதன் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். செங்குத்துக் கோடுகளை இடையிடையே இட்டால் அது அட்டவணை ஆகிவிடும். அதே கோப்பில் பைத்தான், ஆர், ஷெல் என்று வேண்டிய மொழியில் ஒரு துண்டு நிரலை எழுதி, அங்கேயே ஓட்டிப் பார்க்கலாம். எரிக் ஷுல்டியும் டேன் டேவிசனும் உருவாக்கிய பேபல் இதைச் செய்கிறது. 2010இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து அது ஆர்க் மோடோடு சேர்ந்தே வருகிறது. உரையையும் நிரலையும் ஒரே கோப்பில் வைப்பது கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1984இலேயே எழுதிய யோசனை. 2002இல் ஃப்ரீட்ரிக் லைஷ் செய்த ஸ்வீவ் என்ற கருவி அதை ஆர் மொழிக்காரர்களிடம் கொண்டுபோனது. பேபலின் தனிச் சிறப்பு, ஆவணத்தில் உள்ள அட்டவணையே நிரலுக்கு உள்ளீடு ஆவதும், நிரல் தரும் விடை மறுபடி அட்டவணையாக ஆவணத்தில் வந்து உட்காருவதும்தான்.

என் பயிற்சிக் கோப்பில் ஒரு மழைக்கணக்கு இருக்கிறது. முதல் நெடுவரிசையில் நாள், அடுத்ததில் மில்லிமீட்டர். அட்டவணைக்கு மேலே ‘மழை’ என்று பெயர் இட்டிருக்கிறேன். கீழே உள்ள பைத்தான் துண்டின் தலைவரியில், ‘மழை’ என்ற அட்டவணையை இன்ன மாறியாக (நிரலில் ஒரு மதிப்பைத் தாங்கும் பெயராக) எடுத்துக்கொள் என்று ஒரு குறிப்பு. கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு சி விசையை இரண்டு முறை தட்டினால் துண்டு ஓடி, விடை அதன் அடியில் வருகிறது. இந்த ‘எடுத்துக்கொள்’ என்ற செயலுக்குத்தான் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

வந்த பரிந்துரைகளில் ‘அனுப்புதல்’ எல்லோருக்கும் புரியும். ஆனால் மின்னஞ்சலும் அனுப்புகிறோம், கோப்பும் அனுப்புகிறோம். கலைச்சொல் ஆகும் அளவுக்கு அதற்குத் தனி முகம் இல்லை. ‘கடத்தல்’ இயற்பியலில் நன்றாக நிற்கிறது, வெப்பக் கடத்தல் என்று எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் ‘அட்டவணையைக் கடத்து’ என்று வினையாக்கினால், வகுப்பில் பிள்ளைகள் காதில் விழுவது வேறு. பொருள் தவறில்லை, பழக்கம் விடாது. ‘தரவுப் பரிமாற்றம்’ இரு திசையையும் ஒன்றாக்குகிறது. இங்கே போவது ஒன்று, வருவது வேறொன்று. போன அட்டவணை திரும்பி வருவதில்லை. அது இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கும். நிரல் கணக்கிட்டது மட்டும் வரும். இதே காரணத்தால்தான் ‘கைமாற்று’ எனக்குப் பிடித்திருந்தும் ஏற்க முடியவில்லை. கைமாற்றாக வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்தச் சொல்லின் உயிர். மாணவர் ஒருவர் அதை நம்பி, நிரலுக்குள் மாற்றிய எண் மேலே உள்ள அட்டவணையிலும் மாறியிருக்கும் என்று தேடினால் தவறு நம்முடையது.

‘ஊட்டல்’ என்று எழுதிய அம்மாவுக்கு என் நன்றி. அதையே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஊட்டும்போது கொடுக்கிற சோறு வடிவம் மாறுவது கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் விஷயத்தில் வடிவம் மாறுவதுதான் முக்கால்வாசிக் கதை.

அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு இதன் மேல்தான் நிற்கிறது. ஒரே மழை அட்டவணை பைத்தானுக்குள் பட்டியல்களின் பட்டியலாக நுழைகிறது. ஆர் மொழியில் அது தரவுச் சட்டகம், அதாவது அந்த மொழியின் சொந்த அட்டவணை வடிவம். ஈமேக்ஸின் சொந்த மொழியான லிஸ்பில் அடைப்புக்குள் அடைப்பாக நிற்கும் பட்டியல். ஆவணத்தில் தலைப்புக்குக் கீழே நாம் இழுத்த கிடைக்கோட்டுக்கும் மொழிக்கு ஒரு மாதிரி கதி. வழக்கமாக பேபல் கோடுகளை உள்ளே விடாமலே எடுத்துவிடும். விடச் சொன்னால் பைத்தானில் அது ‘நன்’ என்ற வெறுமை மதிப்பாகவும், லிஸ்பில் ஒரு தனிக் குறியீடாகவும் வரும்.

தலைப்பு வரி இன்னும் நுட்பமானது. முதல் வரிக்கு அடுத்து ஒரு கிடைக்கோடு இருந்தால், பேபல் அந்த முதல் வரியைத் தலைப்பு என்று புரிந்துகொண்டு, எடுத்து ஓரமாக வைத்து, மீதியை மட்டும் நிரலுக்குக் கொடுத்து, விடை வரும்போது தலைப்பைத் திரும்ப மேலே வைத்துவிடும். கோடு போட மறந்தால் ‘மில்லிமீட்டர்’ என்ற எழுத்துச் சரமும் மழை அளவுகளோடு உள்ளே போய்விடும்; கூட்டச் சொன்னால் பைத்தான் எண்ணையும் எழுத்தையும் கூட்ட முடியாது என்று நின்றுவிடும். நான் நடத்திய பயிற்சியில் பாதிப் பேர் முதல் நாள் இதில்தான் தடுக்கினார்கள். நிரலில் பிழை தேடிக்கொண்டே இருந்தார்கள். பிழை நிரலில் இல்லை, மேலே இழுக்காத ஒரு கோட்டில் இருந்தது.

இந்த மாற்றத்தைச் சொல்லில் காட்ட வேண்டும் என்று தேடும்போதுதான் ‘வார்’ வந்தது. வார்த்தது, வார்த்த இடத்தின் வடிவத்தை எடுக்கும். கல்லில் வார்த்தால் தோசை, குழியில் வார்த்தால் பணியாரம், மாவு ஒன்றுதான். உருக்கிய வெண்கலமும் அப்படித்தான். ‘அட்டவணையைப் பைத்தானில் வார்’, ‘ஆர் மொழியில் வார்த்த மழைக்கணக்கு’, ‘வார்க்கும்போது கோடு போய்விடும்’ என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தங்கு தடையில்லாமல் வருகிறது. எந்தக் கலைச்சொல்லையும் முதலில் இப்படி வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். பெயர்ச்சொல்லாக மட்டும் வாழ்கிற சொல் அகராதியோடு நின்றுவிடும்.

அப்புறம் ஒன்று. அந்தத் தலைவரிக் குறிப்பு, மாறி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து. என் மாணவர்கள் அதை ‘வார்’ என்றுதான் வாசிக்கிறார்கள். இது வெறும் ஒலி ஒற்றுமை. இதற்காக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் பொருளால் பொருந்திய சொல் நினைவிலும் ஒட்டுமானால் அதை வேண்டாம் என்பானேன்?

மறுப்புகளையும் எழுதிவிடுகிறேன். வார்த்தால் பாத்திரம் காலியாகுமே, இங்கே அட்டவணை அப்படியே இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘தாரைவார்த்தல்’ என்ற சொல் அந்த ஐயத்தைக் கூட்டவும் செய்கிறது. இதற்காகவே ‘படி வார்த்தல்’ என்று நகலைக் குறிக்கும் படியைச் சேர்த்துப் பார்த்தேன். அகவிலைப்படி, பயணப்படி என்று அரசாணைத் தமிழில் படிக்கு வேறு பழக்கம் இருப்பதால் அது குழப்பியது. கடைசியில், மூலம் மாறாது என்பதை விளக்கத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒரு சொல் முழு விளக்கத்தையும் சுமக்க வேண்டியதில்லை. எது மாணவரை அதிகம் தடுக்கிவிடுகிறதோ அதைச் சுமந்தால் போதும், அது வடிவ மாற்றம்தான்.

‘வார்ப்பு’ என்ற பெயர் வடிவத்தை மட்டும் தவிர்க்கிறேன். விக்கிப்பீடியாவில் டெம்ப்ளேட் என்ற பொருளில் ‘வார்ப்புரு’ வேரூன்றிவிட்டது. ‘வார்த்தல்’ என்றே இருக்கட்டும்.

திரும்பி வரும் விடைக்கு ‘பதித்தல்’ என்று வைத்திருக்கிறேன். நிரல் கொடுத்த விளைவைத் துண்டின் அடியில் ஆவணம் பதித்துக்கொள்கிறது. மறுமுறை ஓட்டினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பதிக்கிறது.

இனி ‘நிரல்’. இதை யாரும் எழுப்பவில்லை, ஆனால் இந்த அதிகாரத்தில் இதைத் தீர்க்காமல் நகர முடியாது. கணக்குப் பாடத்தில் அணிகள் படித்த யாருக்கும் நிரை என்பது கிடையாகவும் நிரல் என்பது நெடுகவும் போவது. கணினியில் நிரல் என்பது நாம் எழுதி ஓட்டுவது. மற்ற இடங்களில் இரண்டும் சந்திப்பதில்லை. இங்கே ஒவ்வொரு வாக்கியத்திலும் சந்திக்கின்றன. ‘இரண்டாம் நிரலை நிரலில் வார்’ என்று எழுதிப் பாருங்கள். அதனால் அட்டவணையைப் பற்றிப் பேசும்போது ‘வரி’, ‘நெடுவரிசை’ என்றும், ஓடும் பகுதிக்கு ‘நிரல்துண்டு’ என்றும் எழுதுகிறேன். இலங்கை நண்பர்கள் ‘செய்நிரல்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அது இந்தக் குழப்பத்தை முன்பே தவிர்த்துவிட்ட சொல். ‘செய்நிரல்துண்டு’ நீளமாக இருக்கிறதே என்ற ஒரே தயக்கம்தான். நீங்கள் வகுப்பில் இதை எப்படிச் சுருக்கிச் சொல்கிறீர்கள் என்று எழுதினால் நூலிலும் மாற்றிவிடுகிறேன்.

தமிழில் அட்டவணை எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பும் சேர்க்கப்போகிறேன். நம் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லாததால் திரையில் கோடுகள் முன்னும் பின்னுமாக நிற்கும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் பேபல் எண்ணுவது கோடுகளை, அகலத்தை அல்ல. வார்க்கும்போது எந்தக் கட்டமும் இடம் மாறாது.

அதிகாரம் இப்போது இப்படித் தொடங்குகிறது: “பெயரிட்ட அட்டவணையை எந்த நிரல்துண்டிலும் வார்க்கலாம். வார்த்தபின்னும் ஆவணத்தில் உள்ள அட்டவணை மாறாது. உள்ளே அது எடுக்கும் வடிவம் அந்தந்த மொழியைப் பொறுத்தது.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்காவது நாக்கு தடுக்கினால் அந்த இடத்தை மட்டும் எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமைவரை இந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்