பயோகெமிஸ்ட்ரி இளநிலை: பிசிக்கல் கெமிஸ்ட்ரியைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளலாமா?

பெப்டைடு எழுதியது:

வணக்கம். நாலு வருஷ பயோகெமிஸ்ட்ரி படிப்பில் முதல் வருஷம் முடித்திருக்கிறேன். பொது வேதியியல், பொது உயிரியல், கால்குலஸ் மூன்றும் முடிந்தாயிற்று. மீதி ஆறு செமஸ்டருக்குமான கட்டாயப் பாடங்களின் பட்டியலைத் துறையில் கொடுத்துவிட்டார்கள். எதை எப்போது எடுப்பது என்பதை மட்டும் நாங்களே முடிவு செய்துகொள்ளலாம். நான் போட்டு வைத்திருக்கும் வரிசை:

மூன்றாவது: ஆர்கானிக் 1, ஜெனிடிக்ஸ், செல் பயாலஜி, இயற்பியல் 1
நான்காவது: ஆர்கானிக் 2, பயோகெமிஸ்ட்ரி 1, மைக்ரோபயாலஜி, இயற்பியல் 2
ஐந்தாவது: பயோகெமிஸ்ட்ரி 2, பயோகெமிஸ்ட்ரி லேப், மாலிகுலர் பயாலஜி, இம்யூனாலஜி
ஆறாவது: மாலிகுலர் பயாலஜி லேப், விருப்பப் பாடங்கள்
ஏழாவது: பிசிக்கல் கெமிஸ்ட்ரி 1, புள்ளியியல், ஆய்வுத் திட்டம்
எட்டாவது: பிசிக்கல் கெமிஸ்ட்ரி 2, ஆய்வுத் திட்டம்

பிசிக்கல் கெமிஸ்ட்ரி 1 என்பது வெப்ப இயக்கவியலும் வினை வேகவியலும். 2-இல் குவாண்டமும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும். பயோகெமிஸ்ட்ரி 1-இல் புரதம், என்சைம். 2 முழுக்க மெட்டபாலிசம். சீனியர்கள் எல்லாரும் "பிசிக்கலைக் கடைசியில் வைத்துக்கொள், அதுவரை மார்க் நன்றாக இருக்கும்" என்கிறார்கள். விதிமுறைப்படியும் பயோகெமிஸ்ட்ரி 1-க்கு ஆர்கானிக் 1 மட்டும் முடித்திருந்தால் போதும்.

என் கேள்விகள்: இந்த வரிசை சரிப்படுமா? ஆர்கானிக் 2-ஐயும் பயோகெமிஸ்ட்ரி 1-ஐயும் ஒரே செமஸ்டரில் எடுக்கலாமா? மூன்றாம் வருஷத்தில் ஏதாவது ஆய்வகத்தில் சேர ஆசை; அதற்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

---

மையவிலக்கு எழுதியது:

நான் புரதச் சுத்திகரிப்பு செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இளநிலை மாணவர்களுக்கு மெட்டபாலிசம் டுட்டோரியலும் எடுக்கிறேன். அதனால் உங்கள் வரிசையில் ஐந்தாவது செமஸ்டரைத்தான் முதலில் பார்த்தேன். வெப்ப இயக்கவியல் இல்லாமல் மெட்டபாலிசத்துக்குள் போகப் போகிறீர்கள். இதை மாற்றியே ஆகணும் என்பது என் கருத்து.

சிட்ரிக் அமிலச் சுழற்சியின் கடைசி வினையை எடுத்துக்கொள்ளுங்கள். மாலேட் ஆக்சலோஅசிட்டேட் ஆகிறது. அதன் திட்ட கட்டற்ற ஆற்றல் மாற்றம் (நேர்மறை என்றால் வினை தானாக ஓடாது, எதிர்மறை என்றால் ஓடும்) மோலுக்கு ஏறக்குறைய +30 கிலோஜூல். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் நீராற்பகுப்பில் கிடைக்கும் 30.5 கிலோஜூல் அளவுக்கு மேட்டில் ஏற வேண்டிய வினை இது. ஆனாலும் செல்லுக்குள் முன்னோக்கித்தான் ஓடுகிறது. காரணம், உண்டாகிற ஆக்சலோஅசிட்டேட்டை அடுத்த என்சைமான சிட்ரேட் சிந்தேஸ் உடனுக்குடன் எடுத்துக்கொள்கிறது; மைட்டோகாண்ட்ரியாவில் அதன் செறிவு ஒரு மைக்ரோமோலாருக்கும் கீழேதான் நிற்கிறது. திட்ட மதிப்பு வேறு, செல்லுக்குள் நிலவும் செறிவில் வரும் மதிப்பு வேறு என்பது கையில் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு ஒரு வரியில் விளங்கிவிடும். போடாதவர் "இது நேர்மறை, இது எதிர்மறை" என்று ஒவ்வொரு வினைக்கும் மனப்பாடம் செய்கிறார். டுட்டோரியலில் ஆண்டுதோறும் நான் பார்ப்பது இதுதான், மனசு கஷ்டமாக இருக்கும். நல்ல மாணவர்கள்கூட பாதையை ஒப்பிப்பார்கள், "இந்த வினையை மட்டும் செல் ஏன் கட்டுப்படுத்துகிறது?" என்று கேட்டால் நின்றுவிடுவார்கள்.

ஆர்கானிக் 2-உம் மெட்டபாலிசத்துக்கு முன்னால் முடிந்தே ஆகணும். அதில் வரும் கார்போனைல் வேதியியல்தான் மெட்டபாலிசத்தின் முதுகெலும்பு. குளுக்கோஸை உடைக்கும் பாதையான கிளைகாலிசிஸில் ஆறு கார்பன் சர்க்கரை இரண்டாக உடைவது ஆல்டால் வினை பின்னோக்கி நடப்பது. கொழுப்பு அமிலத் தொகுப்பில் சங்கிலி நீள்வது கிளெய்சன் வினை. அமினோ அமிலங்களைப் பற்றிப் படிக்கும்போது எல்லா இடத்திலும் ஷிஃப் பேஸ் (கார்போனைலும் அமீனும் சேர்ந்து உண்டாகும் கார்பன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு) வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் இடங்கள். ஐசோசிட்ரேட்டில் முதலில் ஆக்சிஜனேற்றம், பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு. அந்த ஆக்சிஜனேற்றம் பீட்டா இடத்தில் (வெளியேறப்போகும் கார்பாக்சில் தொகுதியிலிருந்து இரண்டாவது கார்பனில்) ஒரு கீட்டோனை உண்டாக்கிக் கொடுக்கிறது. பிணைப்பு உடையும்போது மிஞ்சும் எலக்ட்ரான்கள் அங்கே போய் உட்காருகின்றன. பைருவேட்டில் கீட்டோன் ஆல்பா இடத்தில் (முதல் கார்பனில்) இருக்கிறது, எலக்ட்ரான்கள் போக இடமில்லை. அந்த இடத்தைத் தருவதற்குத்தான் வைட்டமின் பி1-இலிருந்து உண்டாகும் தயமின் பைரோபாஸ்பேட் வருகிறது. வைட்டமின் பி1 எதற்கு வேணும் என்ற கேள்விக்கு ஆர்கானிக் 2 நோட்டில் பதில் இருக்கிறது! இதைக் கண்டுகொள்ளும் சந்தோஷத்தை நீங்கள் இழக்கக் கூடாது.

என் யோசனை: பிசிக்கல் 1-ஐ நான்காவது செமஸ்டருக்குக் கொண்டுவாருங்கள், பயோகெமிஸ்ட்ரி 1-ஐ ஐந்துக்கும் 2-ஐ ஆறுக்கும் தள்ளுங்கள். எதை நகர்த்தினாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பாடம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும்? அவற்றை முதலில் ஊன்றிவிட்டு மற்றவற்றைச் சுற்றி அடுக்கணும்.

---

இரட்டைச்சுருள் எழுதியது:

மையவிலக்கு சொன்ன காரணம் சரி, மருந்து கொஞ்சம் அதிகம். பயோகெமிஸ்ட்ரி 1-ஐ ஐந்தாவதுக்குத் தள்ளினால் மூன்றாம் வருஷம் ஆய்வகத்தில் போய் நிற்கும்போது என்சைம் என்றால் என்ன என்று அப்போதுதான் படித்துக்கொண்டிருப்பீங்க. புரதம், என்சைம் பகுதிக்குத் தேவை அமில-கார அறிவும், எலக்ட்ரான் அம்புக்குறி போடும் பழக்கமும், கொஞ்சம் வினை வேகமும்தான். முதல் இரண்டும் ஆர்கானிக் 1-லேயே வந்துடும். கடைசியானதை பிசிக்கல் 1-ஐ அதே செமஸ்டரில் வைத்தால் கூடவே படிக்கலாம். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலியின் பி.கே.ஏ. (பாதி மூலக்கூறுகள் புரோட்டானை விட்டிருக்கும் பி.எச்) 6-க்கு அருகில் இருப்பதால் அது உடலின் பி.எச்-இல் புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் தயாராக இருக்கு என்பதைப் புரிந்துகொள்ள ஆர்கானிக் 2 வேணுமா என்ன? வேண்டாம். மெட்டபாலிசத்துக்குத்தான் அது கட்டாயம். ஆக ஆர்கானிக் 2, பயோகெமிஸ்ட்ரி 1, பிசிக்கல் 1 மூன்றும் நான்காவதில் வரட்டும், இயற்பியல் 2 ஐந்துக்குப் போகட்டும். குவாண்டமும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் வரும் பிசிக்கல் 2-க்கு முன்னால் அது முடிந்தால் போதும்.

நான் சண்டை போடப்போவது புள்ளியியலுக்காக. ஏழாவதில் வைத்திருக்கீங்க. பயோகெமிஸ்ட்ரி லேப் ஐந்தாவதில். அந்த லேபில் என்சைம் வேகத்தை அளந்து மைக்கேலிஸ்-மென்டன் மாறிலி (என்சைம் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் அடிப்பொருள் செறிவு) எடுக்கச் சொல்வாங்க. பழைய கையேடுகளில் லைன்வீவர்-பர்க் வரைபடம்தான் இருக்கும். 1934-லிருந்து இருக்கிற முறை, இரண்டு பக்கமும் தலைகீழி எடுத்து நேர்கோடு போடுவது. அதில் என்ன நடக்குதுன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. வேகம் 20, பிழை கூட்டியோ கழித்தோ 0.5 என்றால் தலைகீழி 0.049-க்கும் 0.051-க்கும் நடுவில் அடங்கிடும். வேகம் 2, அதே பிழை 0.5 என்றால் தலைகீழி 0.40-லிருந்து 0.67 வரை பரவும்! ஆக, குறைந்த செறிவில் எடுத்த, ரொம்ப நம்ப முடியாத புள்ளிதான் கோட்டின் தூர நுனியில் உட்கார்ந்து மொத்தக் கோட்டையும் தன் பக்கம் இழுக்கும். இதைப் புரிந்துகொண்டு நேரடியாக வளைகோட்டைப் பொருத்தத் தெரிந்தவர் எழுதும் லேப் ரிப்போர்ட்டே வேற.

அதனால புள்ளியியல் மூன்றாவதிலேயே இருக்கணும், செல் பயாலஜிக்குப் பதிலாக. கூடவே ஜெனிடிக்ஸ் இருப்பது நல்லதுதான்: மெண்டல் விகிதங்களுக்கு கை-வர்க்கச் (chi-square) சோதனை போடும்போது இரண்டு வகுப்பும் ஒண்ணுக்கொண்ணு உதவும். பைத்தான், ஆர் (R) மாதிரி நிரல்மொழி ஏதாவது ஒன்றில் புள்ளிகளைப் படித்து, வரைந்து, வளைகோடு பொருத்தும் அளவுக்கு அந்த செமஸ்டரிலேயே கை பழக்கிக்கோங்க. தனிப் பாடம் எடுக்கணும்னு இல்லை.

---

மையவிலக்கு எழுதியது:

பயோகெமிஸ்ட்ரி 1 பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். மெட்டபாலிசம் தொடங்கும் நாளுக்குள் ஆர்கானிக் 2-உம் பிசிக்கல் 1-உம் முடிந்திருந்தால் எனக்குப் போதும்.

---

வளர்ப்புத்தட்டு எழுதியது:

ஆய்வக நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அதை மட்டும் சொல்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் இளநிலை மாணவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. "வாரத்துக்குப் பத்து மணி நேரம் இருக்கிறது" என்று வருகிறார்கள். அட்டவணையைப் பார்த்தால் திங்கள் ஒரு மணி, செவ்வாய் ஒன்றரை என்று சிதறிக் கிடக்கும். அந்த நேரத்தில் பஃபர் கலக்கலாம், ஜெல் ஊற்றி வைக்கலாம். புரதம் எடுக்க முடியாது.

ஏன் என்றால், ஈ.கோலையில் புரதம் உற்பத்தி செய்யும் ஒரு வழக்கமான நாளைப் பாருங்கள். முந்தின நாள் மாலை சின்ன வளர்ப்பு போட்டு வைக்கணும். காலையில் அதைப் பெரிய குடுவைக்கு மாற்றி, 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.6 பக்கம் வரும்வரை அடிக்கடி பார்க்கணும். நல்ல ஊடகத்தில் 37 டிகிரியில் பாக்டீரியா இருபது, முப்பது நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். நடுவில் ஒரு வகுப்புக்குப் போய்வந்தால் ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருள்) சேர்க்க வேண்டிய கட்டம் தாண்டியிருக்கும். சேர்த்த பிறகு இன்னும் சில மணி நேரம். அப்புறம் மையவிலக்கில் சுழற்றி, செல்களை உறைய வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

ஆகவே ஆறாவது செமஸ்டரில் வகுப்பே இல்லாத ஒரு முழு நாளும், அதற்கு முந்தின நாள் மாலை அரை மணி நேரமும் இருக்கிற மாதிரி பாடங்களை அடுக்குங்கள். சிதறிய பத்து மணி நேரத்தைவிட அந்த ஒரு நாள் எங்களுக்குப் பெரிது.

இன்னொன்று, இரண்டு லேப் பாடங்களை ஒரே செமஸ்டரில் போடாதீர்கள். லேப் நேரம் அட்டவணையில் தெரியும், ரிப்போர்ட் எழுதும் நேரம் தெரியாது.

---

பெப்டைடு எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றிங்க. தயமின் விஷயத்தைப் படித்ததும் உடனே எலக்ட்ரான் அம்புகள் போட்டுப் பார்த்தேன். பைருவேட்டில் எங்கே மாட்டிக்கொள்கிறது என்பது அப்படியே தெரிந்தது. இப்போது மாற்றிய வரிசை:

மூன்றாவது: ஆர்கானிக் 1, ஜெனிடிக்ஸ், இயற்பியல் 1, புள்ளியியல்
நான்காவது: ஆர்கானிக் 2, பயோகெமிஸ்ட்ரி 1, பிசிக்கல் 1
ஐந்தாவது: பயோகெமிஸ்ட்ரி 2, பயோகெமிஸ்ட்ரி லேப், மாலிகுலர் பயாலஜி, இயற்பியல் 2
ஆறாவது: பிசிக்கல் 2, மாலிகுலர் பயாலஜி லேப், செல் பயாலஜி, ஒரு நாள் ஆய்வகத்துக்கு
ஏழாவது: இம்யூனாலஜி, மைக்ரோபயாலஜி, ஆய்வுத் திட்டம்
எட்டாவது: விருப்பப் பாடங்கள், ஆய்வுத் திட்டம்

செல் பயாலஜி இவ்வளவு தாமதமாக வருவது பரவாயில்லையா? விருப்பப் பாடமாக ஸ்ட்ரக்சுரல் பயாலஜி எடுக்க நினைத்தேன். புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் வந்த பிறகு அதற்கு அர்த்தம் இருக்கா?

---

மையவிலக்கு எழுதியது:

செல் பயாலஜி ஆறில் இருப்பது நல்லதே. புரதமும் மெட்டபாலிசமும் தெரிந்தபின் சவ்வுக் கடத்தலும் சிக்னலிங்கும் படித்தால் ஆழமாக இறங்கும். நான்காவதில் மூன்றே பாடம் வைத்தது சரி, அங்கே நான்காவதாக எதையும் திணிக்காதீர்கள். மூன்றும் வாராவாரம் கணக்குப் போட வேண்டிய பாடங்கள்.

ஸ்ட்ரக்சுரல் பயாலஜியைக் கட்டாயம் எடுங்கள். ஆல்ஃபாஃபோல்டு உருவாக்கத்துக்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024-இல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது, அந்தப் பெருமை நியாயமானது. ஆனால் அது கற்றுக்கொண்டது 1971-லிருந்து புரோட்டீன் டேட்டா பேங்கில் சேர்ந்துவந்த சோதனை முடிவுகளிலிருந்து. அது தரும் மாதிரியில் ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 100-க்கு ஒரு நம்பக மதிப்பு இருக்கும். 50-க்கும் கீழே போன வளையத்தை வைத்துக்கொண்டு ஒரு பிறழ்வைத் திட்டமிடலாமா, அடிப்பொருள் ஒட்டியபின் என்சைம் எந்த வடிவத்துக்கு மாறுகிறது என்பதையெல்லாம் படிக்கிறவர்தான் தீர்மானிக்கணும். எக்ஸ்ரே படிகவியலும் கிரையோ மின்னணு நுண்ணோக்கியும் எப்படித் தரவு தருகின்றன என்று தெரியாமல் அந்தத் தீர்மானம் வராது. அந்தப் பாடத்தை ஏழாவதுக்கு முன்னே இழுத்து, மைக்ரோபயாலஜியை எட்டுக்கு அனுப்பினால் உங்கள் ஆய்வுத் திட்டத்திலேயே பயன்படும்.

---

இரட்டைச்சுருள் எழுதியது:

இந்த வரிசைக்கு என் ஓட்டு. பதிவுக்கு முன்னாடி ஸ்ட்ரக்சுரல் பயாலஜி எல்லா வருஷமும் நடக்குதான்னு துறை அலுவலகத்தில் கேட்டுடுங்க. இந்த மாதிரி விருப்பப் பாடங்கள் சில இடத்தில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் வரும்.