விமான இரைச்சல்: பள்ளிக்கும் வீட்டுக்கும் ஒலித்தடுப்பு போதுமா?

வடக்கு ஓடுபாதை:
விமான நிலையத்தை ஒட்டிய வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒலித்தடுப்புச் செய்து தரும் திட்டங்களை நான் எதிர்க்கிறேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு வாழுங்கள் என்பதுதான் அதன் பொருள். மொட்டைமாடியும் விளையாட்டுத் திடலும் என்ன ஆவது? அமெரிக்காவில் சில விமான நிலையங்கள், ஒலித்தடுப்பு வேண்டுமானால் வீட்டுக்கு மேலே பறக்கும் உரிமையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்கின்றன.

கரும்பலகை:
பத்திரம் கேட்பது அநியாயம், அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நான் ஆசிரியை. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறேன். மறுபடி தொடங்குவதற்குள் கடைசி வரிசையின் கவனம் கலைந்துவிடுகிறது. பாட நேரத்தில் வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. விமானங்கள் குறையும்வரை பிள்ளைகளின் படிப்பு காத்திருக்காது.

வடக்கு ஓடுபாதை:
மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையத்தை மூடிய பிறகு, அருகிலிருந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின. ஒலித்தடுப்புக் கண்ணாடியால் அல்ல, சத்தம் நின்றதால்.

கரும்பலகை:
அந்த ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்களே! புதிய நிலையத்தின் அருகிலிருந்த பிள்ளைகள் பின்தங்கினார்கள். சத்தம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

கட்டடப் பொறியாளர்:
ஒலித்தடுப்பைக் கண்ணாடி என்று மட்டும் பேசாதீர்கள். வெப்பத்துக்காகச் செய்யும் சாதாரண இரட்டைக் கண்ணாடியில் இடைவெளி குறுகியது. விமானத்தின் கனத்த உறுமல் அதைக் கடந்து உள்ளே வரும். தடிமன் வேறுபட்ட இரண்டு கண்ணாடிகள், நடுவே நல்ல இடைவெளி, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, கூரைக்கடியில் கிளாஸ்வூல் என்ற கண்ணாடி இழைப் பஞ்சு எல்லாம் வேண்டும். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே தடுப்பு 20 டெசிபலோடு நின்றுவிடும், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். ஆகவே இயந்திரக் காற்றோட்டம் இல்லாத திட்டம் ஏமாற்று. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்ததும் செலவழித்த பணம் வீண்.

வடக்கு ஓடுபாதை:
அந்தக் காற்றோட்டத்துக்கான மின்கட்டணம் குடியிருப்பவர் தலையில்தானே விழும்? இன்னொன்று: விமான இரைச்சலின் நாள் சராசரி 45 டெசிபலுக்கும், இரவுச் சராசரி 40க்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். அமெரிக்காவில் ஒலித்தடுப்பு உதவிக்குப் பொதுவான எல்லைக்கோடு 65. இரண்டுக்கும் நடுவே தூக்கமின்றிப் புரள்பவர்களுக்கு உங்கள் கண்ணாடி கிடைக்காது. இரவு விமானங்களை நிறுத்தச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
அதற்கு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன். ஆனால் இரவுத் தடை காலை பத்து மணிக் கணக்குப் பாடத்தைக் காப்பாற்றாது. பள்ளிக்கு இந்த விடுமுறையிலேயே வேலை தொடங்க வேண்டும். காற்றோட்டத்துக்கான மின்கட்டணத்தை விமான நிலையமே ஏற்க வேண்டும்.

வடக்கு ஓடுபாதை:
அப்படியானால் டீச்சர், பள்ளிக்கு எனக்கு எதிர்ப்பில்லை. வீடுகளுக்கு, இரவுத் தடை வரும்வரை ஒப்புக்கொள்ள மாட்டேன்.