அப்பாவின் இரண்டு எம்ஆர்ஐ ஸ்கேன்களை எப்படி ஒப்பிடுவது?

வணக்கம். கதிரியக்க மருத்துவர்களோ, நரம்பியல் துறையில் இருப்பவர்களோ, வீட்டில் மறதிநோய் உள்ளவரைக் கவனித்துக்கொள்பவர்களோ இருந்தால் வழி சொல்லுங்கள்.

அப்பாவுக்கு இரத்தக்குழாய் பாதிப்பால் வந்த மறதிநோய். போன வருடமும் இப்போதும் எடுத்த எம்ஆர்ஐ இரண்டிலும் வெண்பொருள் (மூளையில் நரம்பிழைகள் ஓடும் பகுதி) பாதிப்பு 'ஃபசேகாஸ் 2' என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஆள் அப்படியே இல்லை. சட்டைப் பித்தானில் கையை வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். நடையும் தளர்ந்துவிட்டது.

ஃபசேகாஸ் என்பது 1987-இல் வந்த, கண்ணால் பார்த்து 0 முதல் 3 வரை போடும் அளவு. பாதிப்பு ஓரளவு வளர்ந்தாலும் எண் மாறாமல் இருக்கலாம். அதனால் ஃபிளேர் என்ற எம்ஆர்ஐ படவகையில் வெள்ளையாகத் தெரியும் பாதிப்புப் பகுதிகளின் கன அளவை மென்பொருளில் கணக்கிடுவது மேல் என்று தோன்றுகிறது. சிக்கல் என்னவென்றால், முதல் ஸ்கேன் எடுத்த இயந்திரத்தின் காந்த வலிமை 1.5 டெஸ்லா, அடுத்தது 3 டெஸ்லா. இயந்திரம் மாறினாலே அளவு வேறாக வருமாமே! அப்படியானால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டா? இல்லை, இப்போதையதையே தொடக்கமாக வைத்து, இனி அதே இயந்திரத்தில் எடுக்கச் சொல்லட்டுமா?

அப்புறம், டிடிஐ என்ற இன்னொரு எம்ஆர்ஐ முறை. சாதாரணப் படத்தில் நன்றாக இருப்பதாகத் தெரியும் வெண்பொருளிலும், நீர் மூலக்கூறுகள் பரவும் விதத்தை வைத்து நரம்பிழைச் சேதத்தை அது காட்டும். ஆராய்ச்சிக்குச் சரி, ஒரு தனி நோயாளிக்கு அதனால் சிகிச்சை மாறுமா? ரத்த அழுத்தம் ஏற்கெனவே கட்டுக்குள் இருக்கிறது. தேவையில்லாமல் அவரை மறுபடி அந்தக் குழாய்க்குள் படுக்கவைக்க மனம் வரவில்லை.

இரண்டு ஸ்கேன்களின் டைகாம் கோப்புகளும் (கணினியில் திறக்கக்கூடிய ஸ்கேன் படங்கள்) கையில் இருக்கின்றன. மருத்துவரிடம் குறிப்பாக என்ன கேட்க வேண்டும்?