தகவமைப்பை ஆசிரியர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 22 பேருக்கு அறிவியல் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாரும் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள். மூன்று அமர்வுகள் முடிந்தும் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறோம்.

மரபுவழி வருவது சரியாகப் புரிகிறது. மெண்டலின் பட்டாணியில் முதல் தலைமுறையில் மறைந்த வெள்ளைப் பூ, அடுத்ததில் ஏறக்குறைய நாலில் ஒன்றாகத் திரும்புவதைப் பொத்தான்களை வைத்துத் தாங்களே கண்டுபிடித்தார்கள். அன்று வகுப்பே கலகலத்தது. ஆனால் தகவமைப்பு, அதாவது ஓர் உயிரினக் கூட்டம் தலைமுறைகளில் சூழலுக்குப் பொருந்திவருவது, என்றதும், "குளிருக்காகக் கரடி ரோமம் வளர்த்துக்கொண்டது" என்கிறார்கள்.

செய்தித்தாளை விரித்து, அதே தாளின் துண்டுகளையும் வெள்ளைத் துண்டுகளையும் பூச்சிகளாகத் தூவி, பறவைபோலப் பொறுக்கச் சொன்னேன். மிஞ்சியவற்றை இரட்டிப்பாக்கி நான்கு சுற்று. வெள்ளை கிட்டத்தட்ட தீர்ந்தே போனது. ஆனாலும் ஒருவர் எழுதியது: "பூச்சிகள் தப்பிக்க நிறம் மாறின." அப்புறம் ஜெர்மன் உயிரியலாளர் வைஸ்மான் தலைமுறை தலைமுறையாக எலிவாலை வெட்டியும் குட்டிகள் வாலோடே பிறந்ததைச் சொன்னேன். தலையாட்டினார்கள், பயிற்சித்தாளில் பழைய பதில்தான். இதே பதில் பிள்ளைகளுக்கும் போய்விடுமே என்பதுதான் என் கவலை.

தனி உயிர் மாறுவதில்லை, கூட்டத்தில் விகிதம்தான் மாறுகிறது என்பதை ஆசிரியர்கள் தாங்களே கண்டுகொள்ள, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற எந்தச் செயல்பாடு உங்களுக்குக் கைகொடுத்தது?