வேகம் 94-ஐத் தாண்டவில்லை: கேபிளை மாற்றுவதா, நெட்வொர்க் கார்டை மாற்றுவதா?

மடிப்பாக்கம் மாடிவீடு:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பிராட்பேண்ட் திட்டத்தை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினோம். ஆனால் என் கணினியில் எத்தனை முறை சோதித்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லை. நாளை காலை ரிச்சி தெருப் பக்கம் போகும் வேலை இருக்கிறது. கேட்-6 ரக நெட்வொர்க் கேபிள் வாங்கி வரட்டுமா, புதிய நெட்வொர்க் கார்டு வாங்கட்டுமா? இரண்டையும் வாங்கினால் வீட்டில் திட்டு விழும். இன்றிரவே யாராவது சொல்லுங்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
என்ன கார்டு, கேபிள் எத்தனை மீட்டர், ரூட்டர் எங்கே இருக்கிறது, இடையில் ஸ்விட்ச் (ஒரே கேபிள் இணைப்பைப் பல கணினிகளுக்குப் பகிரும் பெட்டி) உண்டா என்று எதையும் நீங்கள் சொல்லவில்லையே ஐயா. ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் சோதித்தால் எவ்வளவு காட்டுகிறது?

அண்ணாநகர் மேற்கு:
யோசிக்கவே வேண்டாம், கேட்-6 வாங்குங்கள். என் வீட்டில் பழைய கேபிளை எடுத்துவிட்டு அதைப் போட்ட அன்றே வேகம் வந்துவிட்டது.

பழைய மோடம்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. 94 என்ற எண்ணைப் பார்த்த உடனேயே புரிந்திருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள் வழி) இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் சேரும் தலைப்புத் தகவல்கள் போக நமக்கு மிஞ்சுவது 94, 95தான். உங்களிடம் ரியல்டெக் 8139 போன்ற பழைய கார்டு இருக்கும். அதன் உச்சமே 100. 8111 சிப் உள்ள கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கார்டு வாங்கி, மதர்போர்டில் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகுங்கள். பழைய நீளமான பிசிஐ ஸ்லாட்டில் அது பொருந்தாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

வேளச்சேரி ஏரிக்கரை:
கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம், யூஎஸ்பி கிகாபிட் அடாப்டர் போதும். ஆனால் அதை 3.0 போர்ட்டில் செருக வேண்டும். 2.0 போர்ட்டுக்கு 480 எம்பிபிஎஸ் என்று எழுதியிருப்பது ஏட்டளவில்தான்.

குரோம்பேட்டைக்காரன்:
கேள்வி கேட்டவர் இன்னும் விவரமே தரவில்லை. அதற்குள் நீங்கள் மூவரும் மூன்று பொருள்களை வாங்கச் சொல்லிவிட்டீர்கள். கேட்-5இ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். கேட்-6 கூடுதலாகத் தருவது சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட். 300 எம்பிபிஎஸ்ஸுக்கு அது எதற்கு?

அண்ணாநகர் மேற்கு:
நாளைக்கும் சேர்த்து வாங்குவதில் என்ன தவறு?

வேளச்சேரி ஏரிக்கரை:
உறையில் கேட்-6 என்று அச்சடித்திருந்தால் உள்ளே இருப்பது செம்பு என்று நம்பிவிடக் கூடாது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அதற்கு மின்தடை அதிகம், இரண்டு முறை மடக்கினால் ஒடிந்தும் விடும். விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு முறை சுருளாகவே வாங்கிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அண்ணாநகர் மேற்கு:
நான் வாங்கியது அலுமினியம் என்கிறீர்களா?

வேளச்சேரி ஏரிக்கரை:
சுரண்டிப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறேன்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ரூட்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே கைப்பேசியில் 280 வருகிறது. கணினி மாடியில் உள்ளது. மதர்போர்டிலேயே 8111 சிப் இருக்கிறது. ஆனாலும் விண்டோஸில் இணைப்பு வேகம் 100 என்றே காட்டுகிறது. கேபிள் கேட்-5இ, 20 மீட்டர் இருக்கலாம். வீடு கட்டியபோதே எலக்ட்ரீஷியன் சுவர்க் குழாய்க்குள் விட்டது. அதே கேபிளில்தான் அடுத்த அறையில் என் தம்பியின் கணினியும் ஓடுகிறது. ஸ்விட்ச் எதுவும் கிடையாது.

குரோம்பேட்டைக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஸ்விட்ச் இல்லாமல் ஒரே கேபிளில் இரண்டு கணினிகள் எப்படி ஓடும்? சுவர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி, எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் என் சாக்கெட்டுக்கு வருகின்றன. நீலமும் பழுப்பும் தம்பி அறைக்குத் திரும்புகின்றன. கீழேயும் மேலுறையைக் கீறி, ஒரே கேபிளின் முனையில் இரண்டு ஆர்ஜே45 பிளக்குகள் போட்டிருக்கிறார்கள்.

குரோம்பேட்டைக்காரன்:
கோளாறு அங்கேதான் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு முனைகள், அதாவது இரண்டு ஜோடிகள் போதும் என்பதால்தான் ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்த அந்தச் சிக்கனம் இத்தனை நாள் தெரியாமல் ஓடியது. 1999-இல் வந்த கிகாபிட் தரத்துக்கோ நான்கு ஜோடிகளும் வேண்டும். எட்டுக் கம்பிகளையும் இரு முனைகளிலும் வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் பிளக்கில் அழுத்திப் பொருத்தி, அதாவது புதிதாகக் கிரிம்ப் செய்து, மாடியில் ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஒன்றை வைத்தால் இருவருக்கும் வேகம் கிடைக்கும். பெட்டியில் 10/100/1000 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெறும் 10/100 வாங்கினால் மீண்டும் அதே 94தான்.

பழைய மோடம்:
100-இல் நிற்கிறது என்று நான் அப்போதே சொன்னேன். விவரம் தந்திருந்தால் கார்டைப் பற்றிப் பேசியிருக்க மாட்டேன்.

மடிப்பாக்கம் மாடிவீடு:
ஸ்விட்ச் வைத்தாயிற்று. 287 வருகிறது. நன்றி.

அண்ணாநகர் மேற்கு:
சுரண்டிப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா?